மஞ்சள் சட்டை ஜெயித்ததாக நான் சொன்ன நாள்

மாணிக்கத்தின் லாரி எங்கள் தெருமுனையில் ஊதாமல் திரும்பியதே இல்லை. கோழி குறுக்கே போனாலும் ஊதுவான், போகாவிட்டாலும் ஊதுவான். அன்று காலை ஊதாமல் வந்தான். நான் மாட்டுக்குக் கரும்புத் தோகை அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். லாரியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு அவன் இறங்கி நடந்து வருவதைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்குமா? "என்னடா, லாரி உன்னய இறக்கி விட்டுடுச்சா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "வீராசாமி அண்ணன் காலம்பற முடிஞ்சிட்டாரு" என்றான்.

நான் கையிலிருந்த தோகையைக் கட்டி முடித்தேன். அடுத்த கட்டையும் கட்டினேன். மாணிக்கம் வந்து அரிவாளைக் கையிலிருந்து வாங்கிக்கொண்ட பிறகுதான் உட்கார்ந்தேன். நாற்பது வருஷமாக அந்த மனிதரைக் கேலி செய்து பிழைத்த வாய் இது. அன்று சாயங்காலம் வரை அதிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

கோயில் சங்கத்தார் அண்ணனைப் பற்றி என்னை எழுதச் சொன்னார்கள். நான் கோயில் வாத்தியாரிடம் மூன்றே வருஷம் படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுத ஒப்புக்கொண்டது வேறு காரணத்துக்காக. அவரிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி என்று என்ன எழுதினாலும் அதுவும் பொய்யாகிவிடும்.

எங்கள் ஊர் கான் தெ மாஸ்கில் அவரைத் தெரியாதவர் இல்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆற்றோரம் இரண்டு துண்டு கரும்பு நிலம், ஒரு சாரெத், அதை இழுக்க இரண்டு மாடு. அவ்வளவுதான் அவர் சொத்து. கரும்பு ஏற்றுகிற அந்த மாட்டு வண்டி வருஷத்தில் ஒரு தடவை கரும்பு ஏற்றாது. தீவின் தலைநகரம் போர்ட் லூயியில் குதிரைப் பந்தயம் முடிகிற கடைசி நாள், பெரிய கோப்பை ஓடுகிற நாள், எங்கள் தெருவையே ஏற்றிக்கொண்டு போகும். வெட்டு நடக்கிற மாதம் அது. ஆலையில் சிறு தோட்டக்காரனுக்குக் கிடைக்கிற முறையைத் தவறவிட்டால் கரும்பு காய்ந்துபோகும். மற்றவர்கள் யோசிப்பார்கள். அண்ணன் யோசிக்க மாட்டார். "கரும்பு ஒரு நாளு காத்துக் கெடக்கும். குதிரை காத்துக் கெடக்குமா?" என்பார்.

முதல் நாள் மதியம் வண்டி கட்டுவோம். ராத்திரி வழியில் சேன் பியேரில் என் மச்சினன் வீட்டில் தங்குவோம். விடிந்தால் மோகா இறக்கம். இறக்கத்தில் மாட்டைப் பிடித்துக்கொண்டு அவர் நடந்தே வருவார். தன் மஞ்சள் சட்டைக்காரனைப் பற்றி ஒரு பாட்டம் பேசுவார். குதிரைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் உண்டு, ஓட்டுகிறவன் அந்த நிறத்தில் சட்டை போடுவான். அண்ணனுக்கு மஞ்சள். ஏன் மஞ்சள் என்றால், அவர் முதன்முதல் பார்த்த பந்தயத்தில் மஞ்சள் சட்டைக்காரன் கீழே விழுந்தான், எழுந்தான், குதிரையைத் துரத்திப் பிடித்து ஏறி, எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு ஓட்டத்தை முடித்தான். "அவன யாரும் பாக்கல. நான் பாத்தேன். அப்பறம் எப்படி வேற நெறத்துக்குப் போறது?" என்று கேட்பார். "அண்ணே, பொண்ணு பாக்கப் போயிருந்தாலும் வழுக்கி விழுந்தவளத்தான் கட்டியிருப்பீங்க" என்று நான் சொல்வேன். "அதான நடந்துச்சி" என்று பின்னாலிருந்து அண்ணி சொல்வாள். வண்டி குலுங்கும்.

மஞ்சள் பெரிய கோப்பையை ஜெயித்து நான் பார்த்ததில்லை. சிவப்புச் சட்டைதான் வருஷா வருஷம் ஜெயித்தது. சிவப்பின் முதலாளி கப்பலில் இறக்குகிற குதிரைக்கும் மற்றவர்கள் குதிரைக்கும் சம்பந்தமே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக எங்களுக்கு அலுத்துப்போனது. பந்தயத்தில் பழைய ருசி இல்லை என்று முதலில் சொன்னவன் மாணிக்கம். இரண்டாவதாகச் சொன்னவன் நான். கடைத் திண்டில் உட்கார்ந்து ஒரு நாள் இதைப் பேசினோம்.

"சிவப்புதான் ஜெயிக்கும்னு இங்கேருந்து பொறப்படும்போதே தெரியுது. அப்பறம் எதுக்கு மாட்ட வதைக்கறது?" என்றான் மாணிக்கம்.

"கல்யாணத்துக்குப் போறப்ப மாப்பிள்ள யாருன்னு தெரிஞ்சிதான போற" என்றார் அண்ணன். "தெரியும்னு சொல்லிட்டுச் சோறு திங்காம வந்துடறியா?"

"அது சரி அண்ணே" என்றேன் நான். "எல்லாக் கல்யாணத்துலயும் அதே மாப்பிள்ளையா இருந்தா?"

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு சொன்னார்: "சிரிங்கடா. நம்ம மஞ்சள் ஒரு தடவ ஜெயிக்கட்டும். அன்னிக்கு அந்த மைதானத்துல சனம் கத்தற கத்துல மலை நகந்துடும். அதுக்காகத்தான் போறேன். ஜெயிக்கறதுக்கில்ல. அந்தக் கத்தலுக்கு."

அதற்குப் பிறகு அவருக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்தது. முதலில் வலது, அடுத்த மழைக்காலத்தில் இடது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார், பலனில்லை. கரும்பைக் கையால் தடவியே களை எடுப்பார். இனிமேல் பந்தயத்துக்கு வரமாட்டார் என்று நினைத்தோம். ஆகஸ்ட் வந்ததும் என் வாசலில் தடி ஊன்றி நின்றார். "கண்ணு உன்னுது, காது என்னுது. போவலாம் வா" என்றார். மாட்டை நான் பிடித்தேன். மைதானத்தின் நடுவில், காசு கொடுக்காமல் ஏழைகள் நிற்கிற இடத்தில், வண்டிமேல் அவரை நிறுத்திவைத்து ஓட்டத்தை ஒவ்வொரு குதிரையாக அவர் காதில் சொன்னேன். இப்படி மூன்று வருஷம்.

மூன்றாவது வருஷம்தான் அது. வண்டியில் நாங்கள் ஆறு பேர்தான். மற்றவர்கள் சலித்துப்போய் வரவில்லை. கோப்பை ஓட்டம் தொடங்கியது. சிவப்பு முதலிலேயே முன்னால் போய்விட்டது. மஞ்சள் நாலாவது. பார்க்கவே ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்றவர்கள் மிளகாய் வடை தின்றுகொண்டிருந்தார்கள். சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. வளைவு திரும்பும்போது என்ன தோன்றியதோ, கொஞ்ச நேரம் கிழவருக்கு விளையாட்டுக் காட்டலாம், மோகா ஏற்றம் வருவதற்குள் உண்மையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று, "அண்ணே, மஞ்சள் மூணாவதா வருது" என்றேன். அவர் விரல் என் தோளில் இறுகியது. "ரெண்டாவது" என்றேன். மாணிக்கம் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கண்ணடித்தேன். "அண்ணே, சிவப்ப ஒட்டிக்கிச்சி. அண்ணே, தலையளவு. அண்ணே, மஞ்சள்."

அவர் கத்துவார், குதிப்பார் என்று நினைத்தேன். அவர் அசையவில்லை. தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"சனம் ஏன்டா கத்தல?"

சிவப்பு ஜெயித்ததற்கு யார் கத்துவார்கள்? அங்கங்கே கொஞ்சம் கைதட்டல், அவ்வளவுதான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் முந்திக்கொண்டது. "சனத்துக்குப் பந்தயம் சலிச்சிப் போச்சி அண்ணே. நாங்கதான் சொன்னோமே" என்றேன்.

"மஞ்சள் ஜெயிச்சுமா?"

"ஜெயிச்சும்தான்."

அவர் மெதுவாக வண்டியில் உட்கார்ந்தார். மோகா ஏற்றம் வந்தது. மாணிக்கம் என் விலாவில் இடித்து, "சொல்லித் தொலைடா" என்று முணுமுணுத்தான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அப்போது அண்ணனே பேசினார்.

"யாருகிட்டயும் சொல்லல. கண்ணு போன வருஷமே முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன். மஞ்சள் ஜெயிச்சா காவடி எடுக்கறேன்னு. தைப்பூசத்துக்கு நீதான் எனக்குக் கை பிடிக்கணும்."

மாணிக்கம் விலாவில் இடிப்பதை நிறுத்திவிட்டான். வழியில் கோயில் ஒன்று வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லிக் கற்பூரம் ஏற்றினார். ஏற்றிவிட்ட கற்பூரத்தை எந்த வாயால் ஊதி அணைப்பது? சிரிப்பதற்காகச் சொன்னது அந்த இடத்தில் என் கையைவிட்டுப் போனது.

தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம் இருந்தார். நானும் இருந்தேன். எதற்கு என்று அண்ணி கேட்டாள். கை பிடிக்கிறவனும் சுத்தமாக இருக்க வேண்டும் என்றேன். உள்ளுக்குள் எனக்கு வேறு பயம். காவடியில் கட்டுகிற செம்புப் பால் கோயில் சேரும்வரை திரியக் கூடாது, திரிந்தால் விரதத்தில் பொய் இருக்கிறது என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆற்றங்கரையில் அவர் நாக்கில் அலகு குத்தினார்கள். தோளில் காவடி ஏறியது. வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. "வலது பக்கம் கல்லு அண்ணே. இங்க பள்ளம். நாலடி நேரா" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். நான் சொன்ன இடத்திலெல்லாம் அவர் கால் வைத்தார். அலகு குத்திய வாயால் பதில் சொல்ல முடியாது. என் சொல்லை நம்பி நடந்துகொண்டே இருந்தார். என் கண் வழியில் பாதியும் செம்பில் பாதியும் இருந்தது. முருகா, பாலைத் திரிக்காதே, திரிக்க வேண்டுமென்றால் என் வீட்டுப் பாலை வருஷம் முழுக்கத் திரித்துக்கொள் என்று வேண்டினேன்.

குருக்கள் செம்பைச் சாய்த்தார். பால் வெள்ளையாக, நூல் மாதிரி இறங்கியது. நான் தூணுக்குப் பின்னால் போய் அழுதேன். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்தார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த ஆகஸ்டில் வழக்கம்போல அவர் வாசலுக்குப் போனேன். "அண்ணே, வண்டி கட்டலாமா?"

"நீங்க போங்கடா. நான் வரல."

"என்ன அண்ணே, ஜெயிச்ச குதிரையோட சொந்தக்காரரு மாதிரி பிகு பண்றீங்க?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. "நீங்க சொன்னப்ப நான்தான் ஒத்துக்கல. நீங்க சொன்னதுதான் சரி. மஞ்சளே ஜெயிச்சும் கத்தாத சனத்துக்கு நடுவுல எனக்கு என்ன வேல?"

உண்மையைச் சொன்னால் பந்தயம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும், எடுத்த காவடி போய்விடும். சொல்லாவிட்டால் காவடி நிற்கும், பந்தயம் போய்விடும். நான் படிக்காதவன். எந்தப் பக்கம் எடை கூட என்று தெரியவில்லை. சரி அண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் வராததால் தெருவில் யாரும் போகவில்லை. அதற்கடுத்த வருஷமும் ஒரு தடவை கேட்டேன். வரல என்றார். வந்துவிட்டேன். இப்போது வாலிபர்கள் கூடிப் பேசுகிறார்கள்: சினிமா வந்தது, பந்து விளையாட்டு வந்தது, அதனால்தான் குதிரைப் பந்தயத்துக்கு மவுசு போனது என்று. நாட்டு விஷயம் எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் அது போனதற்குக் காரணம் நான்.

மூன்றாம் வருஷம் மாணிக்கம் ஆலைச் சாமான் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தான். பந்தய நாள். திரும்பி வரும்போது மோகாவிலிருந்தே ஊதிக்கொண்டு வந்தான் என்று சொன்னார்கள். நேராக என் வீட்டுக்கு வந்தான். மூச்சு வாங்கியது. "மஞ்சள்டா" என்றான். "நெசமாவேடா. என் கண்ணால பாத்தேன். முடிவுக்குப் பத்தடி முன்னாடி சிவப்பத் தாண்டிச்சி. சனம் கத்துச்சி பாரு, என் காது இன்னும் அடைச்சிக் கெடக்கு. தொப்பி, குடை, செருப்பு எல்லாம் மேல பறக்குது. ஒரு கெழவன் எனக்கு முத்தம் குடுத்தான்."

இரண்டு பேரும் அண்ணன் வீட்டுக்கு ஓடினோம். எனக்கு ஐம்பது வயசு. நடுரோட்டில் ஓடினேன். மாணிக்கம் வாசலிலிருந்தே எல்லாவற்றையும் சொன்னான். அண்ணன் கேட்டுக்கொண்டார். அவர் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

"சனம் கத்திச்சா?" என்று கேட்டார்.

"மலை நகந்துச்சி அண்ணே."

 அவர் எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பினார். "மொதத் தடவ ஜெயிச்சப்பக் கத்தாத சனம், ரெண்டாந் தடவைக்கா கத்தும்? போங்கடா. கண்ணு தெரியாதவன ரெண்டு பேருமா சேந்து கேலி பண்ணாதீங்க."

நான் அவரிடம் வாழ்நாளில் எத்தனையோ கேலி சொல்லியிருக்கிறேன், எல்லாவற்றையும் நம்பியிருக்கிறார். உண்மையைக் கொண்டுபோன ஒரு நாள், அதைக் கேலி என்றார். மாணிக்கம் ரோட்டுக்கு வந்ததும் என்னை அங்கேயே விட்டுவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டான். அவன் என்மேல் கோபப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

இந்த ஆனியில் அவர் படுத்தார். நெஞ்சுச் சளி. சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். அண்ணி அடுப்படியில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். நான் கட்டில் ஓரம் உட்கார்ந்து, "அண்ணே, அந்த வருஷத்துப் பந்தயம்" என்று தொடங்கினேன்.

"ஆமா" என்றார். குரல் காற்றாக இருந்தது. "அத இன்னொரு தடவ சொல்லு."

நான் என்ன செய்வேன்? சொன்னேன். ஆனால் இந்தத் தடவை நான் இட்டுக்கட்டிய ஓட்டத்தைச் சொல்லவில்லை. மாணிக்கம் பார்த்த ஓட்டத்தைச் சொன்னேன். முடிவுக்குப் பத்தடி முன்னால் மஞ்சள் தாண்டியதை, தொப்பியும் குடையும் பறந்ததை, முத்தம் கொடுத்த கிழவனை. மைதான நடுவில் நிற்பவன் குதிரையோடு சுற்றித் திரும்பித்தான் ஓட்டத்தைப் பார்க்க முடியும். அவர் படுத்தபடியே சுவரிலிருந்து கதவுவரை தலையைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"இதுல சத்தம் இருக்கே."

"இருந்துச்சி அண்ணே."

"அன்னிக்கு இல்லன்னியே."

"அன்னிக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன் அண்ணே."

இதைவிட அதிகமாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இதுவே பாதி உண்மை. அவர் என் கையைத் தேடினார். கொடுத்தேன். எதைத் தப்பாகச் சொன்னாய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கஞ்சி வந்தது. இரண்டு வாய் குடித்தார். நாலாம் நாள் மாணிக்கம் ஊதாமல் வந்தான்.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். வெற்றிலைத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"காவடியப் பத்தி நீ கவலப்படாத. பாலு திரியல. முருகனுக்குத் தெரியாதத நீ என்ன சொல்லப் போற?" என்றாள். "எனக்கு வேற வருத்தம். நீ வந்து கூப்பிட்டு, வரலன்னு அவரு சொல்லி, நீ திரும்பிப் போன பாரு. ஒவ்வொரு வருஷமும் அன்னிக்கு மதியம் குளிச்சி, வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு நாக்காலியப் போட்டு வாசல்ல உக்காந்திருந்தாரு. எதுக்குன்னு கேட்டா, அவன் மறுபடி வருவான்னாரு. மாடு போற சத்தம் கேட்டா எழுந்திரிப்பாரு. இருட்டற வரைக்கும் இருந்துட்டு உள்ள வருவாரு. நீ இன்னொரு தடவ வந்து கூப்பிட்டிருக்கலாம் தம்பி."

அவரை அறிந்தவர்களே, உங்களிடம் நான் கேட்க மன்னிப்பு என்று எதுவும் இல்லை. அதைக் கொடுக்க வேண்டியவர் போய்விட்டார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். யாராவது வரவில்லை என்று சொன்னால் அதோடு திரும்பிவிடுவதில்லை. மறுபடி போகிறேன். கல்யாணத்துக்கோ, கோயிலுக்கோ, சும்மா தேத்தண்ணி குடிக்கவோ, எதற்கானாலும் இரண்டு தடவை கூப்பிடுகிறேன். தெருவில் இதற்கு எனக்கு ஒரு பட்டப்பெயர்கூட வைத்துவிட்டார்கள். ஊரையே கேலி செய்தவனுக்கு இது வேண்டியதுதான்.

பந்தயத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நேற்று அந்த வண்டியில் ஏறி வந்த வீடுகளுக்கெல்லாம் போய், சாரெத்தைக் கழுவி வைத்திருக்கிறேன், போகலாமா என்று கேட்டேன். மாணிக்கத்தையும் கேட்டேன். பந்தயத்தில் இப்போது என்ன இருக்கிறது என்றார்கள். ஒருவர்கூட வருகிறேன் என்று சொல்லவில்லை.

நாளைக்கு மறுபடி போவேன்.